டி.எம்.வி. 2 நிலக்கடலை

டி.எம்.வி. 2, வட ஆர்க்காட்டின் குடியாத்தம் பகுதியில் உழவர்கள் பயிரிட்டுவந்த கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நிலக்கடலை வகை. திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இதை 1940-இல் வெளியிட்டது. ‘டி.எம்.வி.’ என்பது திண்டிவனத்தைக் குறிக்கும் சுருக்கம். நிமிர்ந்து வளரும் செடி, நூறு நாளை ஒட்டிய வயது, இரட்டைப் பருப்புள்ள சிறு காய், நல்ல எண்ணெய்ச் சத்து ஆகியவை இதன் அடையாளங்கள். தமிழகத்தின் வட மாவட்டங்களில் தொடங்கி, கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றின் வறண்ட செம்மண் பகுதிகள் வரை பரவி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக வயலில் நிலைத்த வகை இது. இந்திய நிலக்கடலை வகைகளில் இவ்வளவு நீண்ட வாழ்வு மிகச் சிலவற்றுக்கே வாய்த்தது.

பின்னணி

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியக் கடல் வணிகத்தின் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. தமிழகத்தில் ஊருக்கு ஊர் இதன் பெயர் மாறும். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்பார்கள். பிற இடங்களில் வேர்க்கடலை, கடலைக்காய், நிலக்கடலை என்ற பெயர்கள் வழங்குகின்றன.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது இங்கே சிறு பயிராகவே இருந்தது. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வளர்ந்த எண்ணெய், சோப்பு ஆலைகள் அந்த நிலையை மாற்றின. ஆலைகளின் தேவைக்குக் கடலை தேடிய வணிகர்களுக்குப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இயல்பான ஏற்றுமதித் துறையாக அமைந்தது. அதைச் சூழ்ந்த தென் ஆர்க்காட்டின் மணற்பாங்கான செம்மண் மேட்டு நிலங்களில் கம்பும் வரகும் விளைந்த இடத்தைக் கடலை பிடித்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை வந்ததும் உள்ளூர் மூட்டைகள் துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று.

அக்காலத்தில் பயிரானது தரையில் படரும் கொடிக் கடலை. 1890-களில் அதன் விளைச்சல் தளர்ந்தது. விதை நலிந்துவிட்டது என்ற முறையீடு எங்கும் எழுந்தது. பரப்பும் சட்டெனக் குறைந்தது. மொசாம்பிக் பகுதியைச் சேர்ந்த, ‘மொரீஷியஸ்’ என்று பெயர் பெற்ற விதையைக் கொண்டுவந்த பின்னரே சாகுபடி மீண்டது. தென் ஆர்க்காட்டின் பாலூரில் 1905-இல் வேளாண் பண்ணை அமைந்தபோது கடலை அதன் முதன்மையான ஆய்வுப் பயிர்களில் ஒன்றாக இருந்தது. விதையை மாற்றினால் ஒரு மாவட்டத்தின் பொருளாதாரத்தையே நிமிர்த்தலாம் என்பதை அரசும் வணிகர்களும் உழவர்களும் ஒருசேரக் கண்டது அப்போதுதான்.

புதிய விதையும் கொடி வகைதான். நிலத்தில் நான்கரை மாதத்துக்கும் மேல் நிற்கும். காய்கள் கொடி நெடுகப் பரவியிருப்பதால் நிலத்தைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். மழை முன்னதாக நின்றுவிட்டால் பருப்பு முற்றாது. இந்த இடர்களுக்கு விடையாக, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஸ்பானிஷ்’, ‘சின்ன ஜப்பான்’ போன்ற குறுகிய காலக் கொத்து வகைகளை வேளாண் துறை அறிமுகப்படுத்தியது. கொத்துக் கடலை மூன்றரை மாதத்துக்குள் முற்றும். காய்கள் ஆணிவேரைச் சுற்றித் திரண்டிருக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் கையால் பிடுங்கினாலே செடியோடு வந்துவிடும். கிணற்றுப் பாசனம் மிகுந்த வட ஆர்க்காட்டில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று பயிர் எடுப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தியது. குடியாத்தம் வட்டாரத்தில் இவ்வாறு வேரூன்றிய கொத்துக் கடலை சந்தையில் ‘குடியாத்தம் கொத்து’ என்று ஊர்ப்பெயரோடு வழங்கலாயிற்று.

திண்டிவனத்தில் தேர்வு

1920-களின் இறுதியில் சென்னை மாகாணத்தின் நிலக்கடலைப் பரப்பு 30 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. இத்தனை பெரிய பரப்பிலும் உழவர் விதைத்தது கலப்பு விதைதான்: ஒரே வயலில் முந்தி முற்றுவதும் பிந்தி முற்றுவதும், பருத்த காயும் சிறுத்த காயும் கலந்து நின்றன. எண்ணெய்வித்துகளுக்கென மாகாண வேளாண் துறையில் தனிப் பிரிவு இயங்கியது. ஜே. எஸ். படேல், சி. எம். ஜான், சி. ஆர். சேஷாத்ரி ஆகியோர் நிலக்கடலையின் மரபுப் பண்புகள் தலைமுறைதோறும் எவ்வாறு கடத்தப்படுகின்றன என்பதை ஆராய்ந்து 1936-இல் வெளியிட்டனர். உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் திரட்டிய வகைகளுக்கு, ‘அராக்கிஸ் ஹைப்போஜியா’ என்ற அறிவியல் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ‘ஏ.எச்.’ எண்கள் இடப்பட்டன. ஏ.எச். 32 பின்னாளில் டி.எம்.வி. 2 ஆயிற்று.

இதை உருவாக்கியது கூட்டுத்தேர்வு என்னும் முறை. இரண்டு வகைகளை ஒட்டிப் புதியதொன்றைப் பிறப்பிப்பது இதில் இல்லை. வயலில் நிற்கும் கலப்புப் பயிரிலிருந்து விரும்பிய பண்புகள் கொண்ட, தம்முள் ஒத்த செடிகளைப் பொறுக்கி, அவற்றின் விதையை ஒன்றாகச் சேர்த்துப் பெருக்குவதே கூட்டுத்தேர்வு. நிலக்கடலை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால், இப்படிப் பொறுக்கிய பண்புகள் விரைவில் கலைவதில்லை. உழவர்கள் பல்லாண்டு பயிரிட்டு மண்ணுக்கும் மழைக்கும் பழக்கிவைத்த குடியாத்தம் கொத்தின் உரம் புதிய வகையில் அப்படியே தங்கியது. டி.எம்.வி. 2-இன் பெருமையில் ஆய்வாளர்களுக்கு உள்ள பங்கு குடியாத்தத்து உழவர்களுக்கும் உண்டு.

அக்காலத்தில் வெளிவந்த டி.எம்.வி. 1, மேற்கு ஆப்பிரிக்காவின் சலூம் விதையிலிருந்து வந்த கொடி வகை, டி.எம்.வி. 3-உம் கொடி வகையே. கொத்து வகை வேண்டியவர்களுக்கு டி.எம்.வி. 2 கிடைத்தது. இதற்குள் சந்தையும் மாறியிருந்தது. 1914-இல் போர் மூண்டு மார்செய் ஏற்றுமதி முடங்கியபோது விலை சரிந்து தென் ஆர்க்காட்டு உழவர்கள் பட்ட பாடு பெரிது. 1930-களில் உள்நாட்டு எண்ணெய் ஆலைகளும் வனஸ்பதித் தொழிலும் வளர, கடலைக்கு இங்கேயே நிலையான தேவை உண்டாயிற்று. எண்ணெய் அளவும் உடைப்புத் திறனும் ஆலைக்காரர்களுக்கு முக்கியம், டி.எம்.வி. 2 இரண்டிலும் தேறியது.

செடியின் இயல்பு

தாவரவியலில் இது ‘ஸ்பானிஷ்’ கொத்துப் பிரிவைச் சேர்ந்தது. பக்கக் கிளைகள் சில; அவையும் படராமல் நிமிரும். 100 முதல் 105 நாளில் முற்றும். ஓடு மெல்லியது, பருப்பின் தோல் வெளிர் ரோஜா நிறம். காயின் எடையில் ஏறத்தாழ 76 விழுக்காடு பருப்பு. பருப்பில் ஏறத்தாழ 49 விழுக்காடு எண்ணெய். மென்தோலும் சிறு பருப்பும் உள்ளதால் ஆலைக்கும் செக்குக்கும் ஏற்றது. பெரும் பருப்பை நாடும் வறுகடலை, ஏற்றுமதிச் சந்தைகளில் இதற்கு மதிப்புக் குறைவு.

இதன் பெரிய குறை விதை உறக்கம் இல்லாமை. கொடி வகைகளின் முற்றிய பருப்பு சில வாரங்கள் ஈரத்திலும் முளைக்காமல் உறங்கும். டி.எம்.வி. 2-இன் பருப்போ முற்றிய கையோடு முளைக்கும் ஆற்றல் கொண்டது. ஆடியில் விதைத்த மானாவாரிப் பயிர் ஐப்பசியில் பிடுங்கும் நிலைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். அடைமழை நான்கைந்து நாள் நீடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும். அறுவடை நாளைக் கணிப்பதில் வட மாவட்ட உழவர் காட்டும் பதற்றத்துக்கு இதுவே காரணம். இதே பண்பு இறவைச் சாகுபடியில் உதவியாகிறது: ஒரு பட்டத்தில் எடுத்த காயை நன்கு காயவைத்து உடைத்து, காத்திருக்காமல் அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம்.

சாகுபடி

மானாவாரியில் ஆடிப் பட்டமும், இறவையில் மார்கழி, சித்திரைப் பட்டங்களும் இதற்கு ஏற்றவை. களிமண்ணில் காய் சிக்கிக்கொள்ளும். பொலபொலப்பான செம்மண், மணற்சாரி நிலங்களே உகந்தவை. விதையைக் காயாகவே சேமித்து, விதைப்புக்குச் சில நாள் முன் கையால் உடைப்பது மரபு. இயந்திரத்தில் உடைத்தால் மென்தோல் கீறி முளைப்புக் கெடும். அதனால் விதைக்கு முந்தைய வாரத்தில் வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடிக் கடலை உடைப்பது வேளாண்மையின் ஓர் அங்கமாகவே இருந்தது. ஏர் முன்னே செல்ல, படைச்சாலில் பருப்பை இடைவெளி விட்டுப் போட்டுவருவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்ற கணக்கில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 125 கிலோ பருப்பு வேண்டும்.

விதைத்த 25 முதல் 30 நாளில் பூக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயாகும். விழுது இறங்கும் நேரத்தில் மண் இளகியிருக்க வேண்டும். ஆகவே நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் களையெடுத்து ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பார்கள். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் மேலே ஏற்றி அனுப்பினாலும் அது காயை வந்து சேர்வதில்லை; மண்ணுக்குள் வளரும் காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. அது குறைந்தால் ஓடு உருவாகியும் உள்ளே பருப்புப் பிடிக்காமல் பொக்கு விழும். அணைத்த பின் செடிக்குள் நடப்பதும் மண்ணைக் கிளறுவதும் ஆகாது.

அறுவடை முழுவதும் ஆட்பலத்தைச் சார்ந்தது. பிடுங்கிய செடியை உதறி, குவித்து, நிழலில் அமர்ந்து காய் ஆய்வார்கள். ஆய்ந்த அளவுக்கு ஏற்பக் காயாகவே கூலி தருவது வட மாவட்டங்களில் பரவலாக இருந்தது. பிடுங்கிய நிலத்தில் தங்கிய காயைப் பொறுக்குவதும் ஏழைகளின் வருவாய்களுள் ஒன்று. கொடி மாட்டுத் தீவனமாகும்; பிண்ணாக்கு தீவனமாகவும் எருவாகவும் பயன்படும்; ஓடு அடுப்புக்கும் சூளைக்கும் போகும்.

பூச்சிகளில் கம்பளிப் புழு கொடியது. ஆடி மழையில் நிலம் நனைந்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தவை அந்துப்பூச்சிகளாய் ஒரே நேரத்தில் வெளிப்படும். அவற்றின் புழுக்கள் கூட்டம் கூட்டமாக வயல்விட்டு வயல் நகர்ந்து இலையை மொட்டையடிக்கும். விளக்குப் பொறி வைப்பது, முட்டைக் குவியல்களைப் பொறுக்குவது போன்றவற்றை ஊர் கூடிச் செய்தால்தான் பலன் உண்டு. மழை குறைந்த ஆண்டுகளில் சுருள்பூச்சி தாக்கும். டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோய்க்கும், 1970-களில் இந்தியாவில் பரவிய துரு நோய்க்கும் டி.எம்.வி. 2 எளிதில் இரையாகும்.

நீடித்த வாழ்வும் இறக்கமும்

திண்டிவனத்திலிருந்தே 1967-இல் டி.எம்.வி. 7 என்ற கொத்து வகை வந்தது. மகாராட்டிரத்தின் ஜே.எல். 24, விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. 2 எனப் பின்னர் வந்தவை பல. அவற்றில் சில டி.எம்.வி. 2-ஐவிடக் கூடுதலாக விளைந்தன. அப்படியிருந்தும் பழைய வகை விலகவில்லை. சித்திரதுர்க்கம், தும்கூரு, அனந்தபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அது நூற்றாண்டு முடிவிலும் முதன்மை வகையாகவே நின்றது.

உழவரின் பழமைப்பற்றே காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் அது பொருந்தாத விளக்கம். நிலக்கடலையின் விதைக் கணக்கைப் பார்த்தால் உண்மை புலப்படும். நெல்லில் ஒரு கிலோ விதை எண்பது கிலோவுக்கும் மேல் திருப்பித் தரும். கடலையில் அது எட்டு, பத்து மடங்கே. புதிய வகையின் விதையை ஒரு மாவட்டத்துக்குப் போதுமான அளவு பெருக்கவே பல ஆண்டு ஆகும். ஹெக்டேருக்கு 125 கிலோ விலைக்கு வாங்குவது சாகுபடிச் செலவில் பெரும்பங்கை விழுங்கும். தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரென்பதால் சொந்த விதையைச் சேமித்து மீண்டும் விதைப்பதில் இழப்பும் இல்லை. ஆண்டுதோறும் விற்க முடியாத இந்த விதையில் தனியார் நிறுவனங்களுக்கும் ஆர்வம் எழவில்லை. இவற்றோடு, நல்ல மழையில் பிற வகைகளிடம் தோற்றாலும், மோசமான ஆண்டில் போட்ட விதையையாவது திருப்பித் தரும் வகை என்ற நம்பிக்கையை டி.எம்.வி. 2 பெற்றிருந்தது. ஆண்டு மழை ஏறத்தாழ 550 மி.மீ. மட்டுமே உள்ள அனந்தபுரத்தில் அந்த நம்பிக்கையின் மதிப்பு மிகப் பெரிது.

அந்த அனந்தபுரத்திலேயே 2000-ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. தண்டு அழுகல் நச்சுயிரி நோய் ஏறத்தாழ 2.25 லட்சம் ஹெக்டேர் கடலையைத் தாக்கியது. இழப்பு 300 கோடி ரூபாய்க்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. பார்த்தீனியம் செடியின் மகரந்தத்தில் தங்கும் நச்சுயிரியை இலைப்பேன்கள் கடலைச் செடிக்குக் கடத்தின. பரந்த நிலப்பரப்பு முழுவதும் இந்நோயைத் தாங்காத ஒரே வகையை நம்பி நின்றதன் ஆபத்து அப்போது வெளிப்பட்டது. அதன்பின் இக்ரிசாட் நிறுவனமும் உள்ளூர் அமைப்புகளும் உழவர் வயல்களிலேயே சோதனை நடத்தி, வறட்சியைத் தாங்கும் ஐ.சி.ஜி.வி. 91114 வகையைப் பரப்பின. கதிரி 6 என்னும் வகையும் ஆந்திரத்தில் விரைவாகப் பரவியது. தமிழகத்தில் புதிய திண்டிவனம், விருத்தாசலம் வகைகள் இடத்தைப் பிடித்தன. மாநிலத்தின் மொத்தக் கடலைப் பரப்பே 1980-களின் இறுதியில் இருந்த ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேரிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆட்கூலி உயர்வும், இறக்குமதியான பாமாயிலின் விலைப் போட்டியும் இதற்குப் பெரிய காரணங்கள்.

ஆய்வுக்களத்தில் டி.எம்.வி. 2-க்கு வேலை தொடர்கிறது. இலைப்புள்ளி, துரு நோய்களைத் தாங்கும் வகைகளைத் தேடும் சோதனைகளில் இதை இடைவரிசையாக நட்டு நோயைப் பெருக்குகிறார்கள். புதிய வகைகளின் எதிர்ப்புத்திறன் இதனோடு ஒப்பிட்டு அளக்கப்படுகிறது. வேதிப்பொருளால் இதிலிருந்து தூண்டிய குறுகிலைத் திரிபு, டி.எம்.வி. 2-என்.எல்.எம்., தாய் வகையோடு ஒட்டப்பட்டு, விளைச்சல், வறட்சிப் பண்புகளை ஆளும் மரபணுப் பகுதிகளைக் கண்டறியும் ஆய்வுகளுக்குப் பயன்படுகிறது.