பிளந்த மலையும் வறண்ட கரிசலும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மாந்தரின் காதலும் பிரிவும், தொழிலும் உணவும், தெய்வமும் பண்ணும் நிலத்தின் வழியே அமைகின்றன என்பது பண்டைத் தமிழரின் தெளிவு. ஆயினும் மலை ஏன் அவ்விடத்தில் எழுந்தது, மழை ஏன் இவ்விடத்தில் பொய்த்தது என்னும் வினாவுக்கு விடை காணும் கருவிகள் அக்காலத்தில் இல்லை. அவ்விடை பாறைக்குள் இருந்தது. அதனைப் படிக்கும் கலை பிறந்து இரு நூற்றாண்டுகளுக்குச் சற்றே மேலாகிறது.

சிவகாசி வட்டாரத்தின் எம். புதுப்பட்டியில் நின்று மேற்கே நோக்கினால், வானம் தெளிந்த நாளில், திருவில்லிபுத்தூருக்கு அப்பாலுள்ள மலைத்தொடர் நீலச்சுவராய்த் தோன்றும். ஆனி, ஆடித் திங்களில் அச்சுவரின் உச்சியில் கார்மேகம் திரளும். உழவர் அண்ணாந்து பார்ப்பர். மேகம் மலையிலேயே நின்றுவிடும். ஊருக்குக் காற்று மட்டும் வந்து சேரும். இவ்வூர்களின் வேளாண்மையையும் வறுமையையும் தொழிலையும் விளங்கிக் கொள்ள விரும்புவோர் அம்மலையின் வரலாற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பாறையைப் படித்தோர்

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் சென்னைக்கருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவராகத் தமிழ் மாணவர்க்கு அறிமுகமானவர். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து 1883-இல் அவர் வெளியிட்ட நூல், இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியைப் பற்றிய முன்னோடி ஆவணங்களுள் ஒன்றாகும். இன்னொருவர் தாமஸ் ஹாலந்து. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும் கருநீலப் பாறைக்கு அவர் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் அப்பாறையால் ஆனது என்பதே பெயர்க்காரணம். பழனிமலையும் ஏலமலையும் பெரும்பகுதி இவ்வினப் பாறையால் ஆனவையே.

இப்பாறைகள் நிலமேற்பரப்பில் உருவானவை அல்ல. புவியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாற்றமுற்று, மேலே மூடியிருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள படலம் அரிப்புண்டு நீங்கிய பின்னரே வெளிப்பட்டவை. மதுரை வட்டாரத்துப் பாறைகளின் பெருமாற்றம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். பந்தல்குடியிலும் ஆலங்குளத்திலும் வெட்டியெடுக்கப்பெறும் சுண்ணாம்புக்கல்லும் பழங்கடலில் படிந்து, பின்னர் ஆழத்தில் வெந்து படிகமான பாறையேயாகும். மழைக்கு ஏங்கும் நிலத்தின் அடியில் மறைந்துபோன கடலின் எச்சம் கிடக்கிறது.

பிளவு என்பது யாது?

பாறைத்திரள் விரிசலுற்று, விரிசலின் இருபுறமும் ஒன்றையொன்று விட்டு விலகியோ ஏறியோ இறங்கியோ நகர்வதைப் பிளவுப் பெயர்ச்சி என்பர். இது புவியின் மேற்பகுதியில், பாறை குளிர்ந்து இறுகியுள்ள இடத்தில் நிகழ்வது. ஆழத்தில் நிலைமை வேறு. அங்கே வெப்பமிகுதியால் பாறை உடைவதில்லை. பிசைந்த மாவுபோல் இழுபட்டு நழுவுகிறது. அவ்வாறு இழுபட்ட நீண்ட பட்டையை நழுவு மண்டலம் எனலாம். காலப்போக்கில் மேற்படலம் அரிப்புண்டு நீங்க, அப்பட்டை வெளிப்படுகிறது. சுற்றியுள்ள பாறையைவிட நலிந்திருப்பதால் மழைநீர் அதனை எளிதில் அரிக்கிறது. ஆறு அதன் வழியே ஓடுகிறது. கணவாய் அங்கே திறக்கிறது. வயலில் நீர் வரப்பின் நலிந்த இடத்தைத் தேடுவது போன்றதே இதுவும்.

தென்னகத்தில் இத்தகைய மண்டலங்கள் சில உள. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிக் காவிரிச் சமவெளி நோக்கிச் செல்வது ஒன்று. அச்சன்கோவிலின் பெயர் தாங்கியது மற்றொன்று. தரையில் நடந்து ஆய்ந்தோர்க்குத் துண்டு துண்டாகத் தென்பட்ட இக்கோடுகள், செயற்கைக்கோள் படங்கள் கிடைத்த பின்னரே முழுவடிவில் புலப்பட்டன. ட்ரூரி, ஹோல்ட் என்னும் ஆய்வாளர் இருவர் அத்தகைய படங்களைக் கொண்டு தென்னிந்தியாவின் நெடுங்கோடுகளை 1980-இல் தொகுத்துக் காட்டினர்.

அச்சன்கோவில் மண்டலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது. சாத்தா கோயிலால் புகழ்பெற்ற அச்சன்கோவிலில் அப்பெயருடைய ஆறு ஏறத்தாழ அம்மண்டலத்தின் போக்கிலேயே வடமேற்காக ஓடிப் பம்பையாற்றில் கலக்கிறது. அதே கோட்டின் தென்கிழக்கில் அமைந்துள்ளது செங்கோட்டைக் கணவாய்.

கணவாய் தந்த வாழ்வு

மலை உடைந்த இடம் மக்களுக்கு வழியாயிற்று. ஆரியங்காவு வழியே வணிகரும் அடியவரும் நெடுங்காலம் சென்று வந்தனர். கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1904-இல் இக்கணவாய் வழியே முழுமை பெற்றது. மலைக்குக் கிழக்கே அமைந்திருந்தும் செங்கோட்டை திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்தமைக்கு, மலையை ஊடறுத்துச் சென்ற இவ்வழியும் துணைநின்றது எனலாம். 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போதுதான் அப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது.

வழியே மனிதர் மட்டும் வரவில்லை, காற்றும் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே ஈரத்தோடு நுழைந்து தென்காசி வட்டாரத்தில் சாரலாகப் பொழிகிறது. குற்றால அருவிகளின் பருவம் இதனால் அமைவது. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் பாடிய வளம் தெய்வத்தின் கொடை என்று அடியவர் போற்றுவர். அக்கொடை வந்த வாயிலைப் பழம்பாறையின் நலிவு திறந்து வைத்தது என்று அறிவதால் அப்போற்றுதல் குறைவதில்லை.

சுவரின் நிழலில்

செங்கோட்டைக்கு வடக்கே, இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்கு மேற்கே மலை உடையாத சுவராக நிற்கிறது. அச்சுவரின் மேற்கே மழை ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவையும் தொடுகிறது. கிழக்கே, விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. மலையடிவார ஊர்கள் ஓடைநீரால் ஓரளவு செழிக்கும். கிழக்கே செல்லச் செல்லக் கரிசலும் வானம் பார்த்த புன்செயுமே மிகுகின்றன. இம்மாவட்டத்தின் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே கூடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவை மணலாறுகளே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. கரிசல் நிலத்து மாந்தர் அத்திரிபைப் பாட்டில் கேட்டவர் அல்லர், வாழ்ந்து அறிந்தவர். அவ்வாழ்வை எழுத்தாக்கிய கி. ராஜநாராயணன் முதலியோர் படைப்புகளில் மழை ஓர் உறவினரைப் போல எதிர்பார்க்கப்படுவதன் காரணமும் இதுவே.

இவ்வறட்சியே ஒரு தொழிலுக்கு வித்தாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று, 1923-இல் ஊர் திரும்பி அத்தொழிலைத் தொடங்கினர். ஈரமற்ற காற்றும், நீண்ட வெயிலும், பயிர்த்தொழிலில் வேலை கிடைக்காத மக்களும் அதற்குத் துணையாயின. 1927-இல் திறக்கப்பெற்ற விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை சரக்குப் போக்குவரத்துக்கு உதவிற்று. 1940-களிலிருந்து பட்டாசுத் தொழில் வளர்ந்தது. எம். புதுப்பட்டி உள்ளிட்ட ஊர்கள் அத்தொழிலின் வட்டத்துக்குள் வந்தன. மருந்து உலர வெயில் வேண்டும் தொழிலாளிக்கு மழைநாள் கூலியற்ற நாள். அவர் வீட்டுப் புன்செய்க்கோ மழையில்லா நாள் விளைவற்ற நாள். ஒரே குடும்பம் ஒரே வானத்திடம் இருவேறு வேண்டுதல்களை வைக்கும் நிலை இவ்வட்டாரத்துக்கே உரியது.

அத்தொழில் கேட்ட விலையும் பெரிது. 2012-இல் முதலிப்பட்டியிலும், 2023-இல் எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளில் பல உயிர்கள் மாண்டன. இவற்றுக்கு மலையைக் காரணம் காட்டுவது பிழை. விதிமீறலும் கவனக்குறைவும் மனிதர் செயல்களே. ஆனால் இடர் மிகுந்த தொழிலை நாடி இத்துணை மக்கள் ஏன் சென்றனர் என்னும் வினாவுக்கு, நீரற்ற நிலம் ஒரு விடையாக நிற்கிறது. நிலம் விதியை எழுதுவதில்லை, வாய்ப்புகளைக் குறுக்குகிறது.

குமரிக்கண்டமும் கோண்டுவானாவும்

தென்னகப் பாறையின் பழமையைப் பேசும்போது தமிழ் நெஞ்சம் குமரிக்கண்டத்தை நினைப்பது இயல்பு. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. கடல்கொண்ட நிலம் எழுநூற்றுக் காவத அளவினது என்றும், அதில் நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் அடியார்க்கு நல்லார் உரை கூறுகிறது. 1864-இல் ஆங்கில விலங்கியலார் ஃபிலிப் ஸ்கிளேட்டர், மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்பெறும் ஒத்த விலங்கினங்களை விளக்க, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் என்று கருதி அதற்கு 'லெமூரியா' எனப் பெயரிட்டார். பின்னாளில் தமிழறிஞர் பலர் இரண்டையும் ஒன்றாக இணைத்தனர்.

அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. ஆல்பிரட் வெகனர் 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் கடலடி ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. இடையிலிருந்த நிலம் மூழ்கவில்லை. ஒட்டியிருந்த நிலங்களே விலகின. இந்தியா, மடகாசுகர், இலங்கை, ஆப்பிரிக்கா, அண்டார்ட்டிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியவை ஒன்றாயிருந்த பெருநிலத்துக்கு, நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரால் 'கோண்டுவானா' என்று பெயர். சுமார் 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடகாசுகர் இந்தியாவின் மேற்கு விளிம்பிலிருந்து பிரிந்தது. அப்பிரிவில் உயர்ந்த விளிம்பே, பின்னர் அரிப்புண்டு, இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையாயிற்று என்பர். பிளவுப் பெயர்ச்சியின் பங்கு எவ்வளவு, அரிப்பின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிழக்கேயும் நிலம் பிளந்து தாழ்ந்தது. அத்தாழ்வில் வண்டல் நிறைந்து காவிரிப் படுகை உருவாயிற்று. நரிமணத்து எண்ணெய் அப்படுகையின் செல்வமே.

மடகாசுகர் பிரிந்த காலத்தில் மனிதன் இல்லை. மனித இனத்தின் அகவை ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே. ஆகவே அப்பிரிவைச் சங்கத்தோடு இணைப்பது பொருந்தாது. பனியூழிக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்து கரையோரங்கள் மூழ்கியது உண்மை. கடல்கோள் நினைவுகளுக்கு அத்தகைய அடிப்படை இருத்தல் கூடும். பெருங்கண்டம் மூழ்கியதற்கோ சான்றில்லை. இதனை ஏற்பதால் தமிழின் பெருமை குன்றுவதில்லை. தமிழ்த்தொன்மைக்குக் கீழடியும் கல்வெட்டும் சங்கப்பாடலும் சான்றாக உள. சான்றில்லாத பெருமையை விடச் சான்றுள்ள பெருமையே நிலைப்பது.

நீரும் நடுக்கமும்

கடும்பாறை நிலத்தில் நீர் தங்குவது பாறையின் வெடிப்புகளில்தான். கிணறு வெட்டுவோர் ஊற்றுக்கண் என்று கொண்டாடுவது ஒரு வெடிப்பின் வாயையே. ஒருவர் கிணற்றில் நீர் சுரக்க, அடுத்த புஞ்சையில் வெறும் கல் தட்டுப்படுவதன் காரணமும் இதுவே. அவ்வெடிப்புகளை நிரப்புவது மழையும் கண்மாயும். ஆழ்துளைக் கிணறுகள் அவற்றை மேலும் மேலும் வறட்டுகின்றன. கண்மாய் தூர்ந்த ஊரில் ஆழம் ஒன்றே தீர்வாகாது.

மலைக்கு அப்பாலுள்ள நீரைக் கொணரும் எண்ணமும் பழையது. 1895-இல் பென்னிகுக் முடித்த பெரியாற்று அணை மேற்கே பாயும் நீரைக் குகைவழியே வைகைக்குத் திருப்பியது. அதனைப் போலவே பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் சுமார் 63 கோடி கன மீட்டரை வைப்பாற்றுக்குக் கொணரும் திட்டத்தைத் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை வகுத்தது. மிகைநீர் இல்லை என்றும், குட்டநாட்டிலும் வேம்பநாட்டுக் காயலிலும் உவர்நீர் ஏறும் என்றும் கேரளம் மறுத்து வருகிறது. பழம்பாறையின் கோடு வடமேற்காக இழுத்துச் சென்ற ஆற்றைக் கிழக்கே திருப்பலாமா என்பதே அவ்வழக்கின் சாரம். இருபுறத்தின் வாழ்வும் அதில் அடங்கியிருப்பதால் ஒருபுறத்தின் தாகத்தை மட்டும் கொண்டு அதனைத் தீர்த்தல் இயலாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பழம்பிளவுகள் முற்றும் உறங்கிவிடுவதில்லை. 1900-இல் கோயம்புத்தூர்ப் பகுதியிலும், 1988-இல் இடுக்கியிலும், 2000-இல் கோட்டயம் பகுதியிலும் நிலம் அதிர்ந்தது. உறுதியான நிலம் எனக் கருதப்பெற்ற மராட்டிய மாநிலத்து இலாத்தூரில் 1993 செப்டம்பர் 30-இல் நேர்ந்த நடுக்கம் பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. விருதுநகர் மாவட்டத்தில் பேரச்சம் வேண்டுவதில்லை. வெடிமருந்தைச் சேர்த்து வைக்கும் வட்டாரத்தில் சிறு அதிர்வையும் எண்ணிக் கட்டடங்கள் எழுப்பப்படுதல் வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

நிறைவாக

உடைந்த இடத்தில் மலை வழியும் மழையும் தந்தது. உடையாத இடத்தில் நிழலை மட்டும் தந்தது. அந்நிழலிலும் மக்கள் கண்மாய் வெட்டினர், பருத்தி விதைத்தனர், தீக்குச்சி அடுக்கினர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். 55 கோடி ஆண்டுப் பாறையை எவராலும் மாற்ற இயலாது. கண்மாயைத் தூர்வாருவதும், தொழிற்கூடத்தில் உயிரைக் காப்பதும், அண்டை மாநிலத்தோடு நேர்மையாகப் பேசுவதும் ஒரு தலைமுறையால் இயலும். முதற்பொருளை அறிந்த பின் எஞ்சுவது மனிதர் செய்யத்தக்க கருமமே.