வாசகர் பங்களிப்பாளராதல்: விக்கிப்பீடியாவின் தொடக்ககால வரலாறு

முன்னுரை

தன்னார்வலரால் உருவாகும் அறிவுத் தொகுப்புகளில் படிப்போர் மிகப் பலர். எழுதுவோர் மிகச் சிலர். படிப்பவர் எழுதுபவராக மாறுவதற்கு ஆர்வமே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வரலாறு இக்கருத்து முழுமையானதன்று எனக் காட்டுகிறது. வாசகரின் முதல் முயற்சிக்குத் தொகுப்பின் அமைப்பு அளிக்கும் இடமும், அம்முயற்சி எதிர்கொள்ளப்படும் முறையுமே அம்மாற்றத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நூபீடியாவின் தகுதிமுறை

ஜிம்மி வேல்சு 2000 மார்ச்சில் நூபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். லாரி சாங்கர் அதன் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்கினார். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிநிலைகளைக் கடந்த பின்னரே வெளியிடப்பட்டது. பதிப்பாசிரியர்கள் தம் துறையில் வல்லுநராகவும், பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. 2003இல் அத்திட்டம் முடிவுற்றபோது நிறைவடைந்திருந்த கட்டுரைகள் ஏறத்தாழ 25 மட்டுமே. உதவ முன்வந்தோர் இருந்தனர். ஆனால் ஒரு பிழையைக் கண்ட வாசகர் அதனை உடனே திருத்துவதற்கு வழியில்லை. முழுக் கட்டுரையே அங்குப் பங்களிப்பின் மிகச்சிறிய அலகாக இருந்தது.

அலகின் சுருக்கம்

வார்டு கன்னிங்காம் 1995இல் அறிமுகப்படுத்திய விக்கி மென்பொருள்முறை, பக்கத்தைப் படிப்பவரே அதனைத் திருத்த இடமளித்தது. இம்முறையில் 2001 சனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, முதலில் நூபீடியாவுக்குத் துணையாகவே கருதப்பட்டது. எனினும் ஓராண்டிற்குள் அதன் கட்டுரைகள் ஏறத்தாழ 20,000 ஆயின. இங்குப் பங்களிப்பின் அலகு ஒரு சொல்லாகவோ ஓர் எழுத்துப்பிழைத் திருத்தமாகவோ சுருங்கியது. பக்கத்தின் முந்தைய வடிவங்கள் சேமிக்கப்பட்டதால் தவறான திருத்தத்தை எளிதில் மீட்க முடிந்தது. அதனால் புதியவரின் தயக்கமும் குறைந்தது. எழுதப்படாத கட்டுரைகளைச் சுட்டும் சிவப்பு இணைப்புகளும் குறுங்கட்டுரைகளும் நிறைவின்மையை வெளிப்படையாகக் காட்டின. அந்நிறைவின்மையே வாசகருக்கான அழைப்பாயிற்று.

வாயில் குறுகுதல்

இத்திறந்தநிலை ஊறும் விளைவித்தது. 2005இல் இதழாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றிய அவதூறான செய்தி மாதக்கணக்கில் திருத்தப்படாமல் இருந்தது வெளிப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில், பதிவு செய்யாதோர் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. விதிகள் பெருகின, பிழையான திருத்தங்களை நீக்கும் தானியங்கு கருவிகளும் பரவின. 2007க்குப் பின் முனைப்பான பங்களிப்பாளரின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது.

இச்சரிவைக் குறித்து ஆரன் ஆஃப்பேக்கரும் அவருடன் இணைந்தோரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. நன்னோக்குடன் வந்த புதியவரின் விகிதம் பெரிதும் குறையவில்லை. அவர்தம் முதல் திருத்தங்கள் நீக்கப்படுவதே மிகுந்தது. அவ்வாறு நீக்கப்பட்டோர் மீண்டும் வருதல் அரிதாயிற்று என்பன அதன் முடிவுகள். தரத்தைக் காக்க அமைந்த ஏற்பாடே, தரத்தைக் காக்கவல்ல வருங்காலப் பங்களிப்பாளரை விலக்கியது. புதியவரின் ஐயங்களுக்கு மனிதரே விடையளிக்கும் 'டீஹவுஸ்' என்னும் களம் 2012இல் தொடங்கப்பட்டதை இச்சிக்கலுக்கான மறுமொழியாகக் கொள்ளலாம்.

தமிழ்ச் சூழல்

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா, பயனர் கூடிப் பேசும் பக்கத்திற்கு 'ஆலமரத்தடி' எனப் பெயரிட்டது. ஊர்ப்பொதுவில் அனைவரும் கூடும் இடத்தை நினைவூட்டும் இப்பெயர், புதியவரை வரவேற்பது சமூகத்தின் பொறுப்பு என்னும் உணர்வைத் தாங்கியுள்ளது. பங்களிப்பாளர் குறைந்த மொழித் திட்டங்களில் ஒருவரின் விலகல் ஒரு துறையின் வளர்ச்சியையே நிறுத்திவிடக்கூடும். ஆதலின் இப்பொறுப்பு அங்கு மேலும் கனமானது.

முடிவுரை

நூபீடியா நுழைவதற்கு முன்பே தகுதியை வேண்டியது. விக்கிப்பீடியா நுழைந்தபின் தகுதியை வளர்த்துக்கொள்ள இடமளித்தது. பின்னர் விதிகளாலும் கருவிகளாலும் அதுவும் முன்னதன் நிலையை ஓரளவு நெருங்கியது. சரிபார்த்தலைக் கைவிட இயலாது. ஆயினும் நீக்கப்பட்ட திருத்தத்துடன் அதற்கான காரணமும் ஒரு மனிதரின் விளக்கமும் சென்றடையுமாயின், பிழைசெய்த வாசகர் பங்களிப்பாளராக நிலைபெற வழியுண்டு.