தோலை எரிக்கும் கண்காணாக் கதிர்

வெயிலில் நெடுநேரம் நின்றால் தோல் கன்றுகிறது, கறுக்கிறது. சிலருக்கு உரியவும் செய்கிறது. இதற்குக் காரணம் வெயிலின் சூடுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சூட்டின் வேலையன்று என்று ஐயமற நிறுவ அறிவியலுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றின் பிற்பகுதியில் நம் கொடைக்கானலுக்கும் ஓர் இடம் உண்டு.

ஊதாவுக்கு அப்பால்

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய நிறமாலையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், சூடு மிகுந்திருந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் நிறமாலையின் மறுகோடியை ஆராய்ந்தார். ஊதாவுக்கு அப்பால் வைத்த வெள்ளிக் குளோரைடு விரைவாகக் கறுத்தது. அகச்சிவப்புக் கதிரும் புறஊதாக் கதிரும் இவ்வாறு கண்டறியப்பட்டன.

1820இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் எவரார்டு ஹோம் தம் கைகளையே சோதனைப் பொருளாக்கினார். ஒரு கையைக் கறுப்புத் துணியால் மூடி, மறு கையை மூடாமல், வெயிலில் நீட்டினார். கறுப்புத் துணிக்கு அடியில் வெப்பநிலை கூடுதலாக இருந்தது. ஆனால் கொப்புளம் கண்டதோ மூடாத கையில்தான்! கறுப்பு நிறம் தோலுக்குக் காவல் என்று அவர் முடிவு செய்தார். எனினும், எரித்தது எது என்ற புதிர் அவிழவில்லை.

1889இல் ஸ்டாக்ஹோமில் விட்மார்க் என்ற கண் மருத்துவர் அப்புதிரை விடுவித்தார். மின்வில் விளக்கின் ஒளியை வடிகட்டிச் சோதித்து, தோலைச் சிவக்கச் செய்பவை புறஊதாக் கதிர்களே என்று காட்டினார். 1894இல் ஜெர்மானிய மருத்துவர் உன்னா, கடலோடிகளின் வெயில்பட்ட தோலில் புற்று தோன்றுவதைக் குறித்தார். 1928இல் ஃபின்ட்லே சுண்டெலிகள் மீது புறஊதாக் கதிர்களைத் தொடர்ந்து செலுத்தி, தோல் புற்றை உண்டாக்கிக் காட்டினார். இக்கதிர்கள் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைப்பதே இதற்குக் காரணம் என்பதை இன்று அறிவோம்.

ஓசோன் குடை

சூரியனின் புறஊதாக் கதிர்கள் முழுவதும் நம்மை வந்தடைவதில்லை. வளிமண்டலத்தின் உயரத்தே உள்ள ஓசோன் அவற்றில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. அந்த ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்திற்கு அமுக்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனமே தேறும்!

இந்த மெல்லிய குடையை அளந்தவர்களுள் ஒருவர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன். 1893இல் பாலக்காட்டில் பிறந்த இவர் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்தவர். பின்னர் ஆமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். சூரியன் தாழ்ந்திருக்கும்போது தலைக்கு மேலுள்ள வானத்தின் ஒளியை அளந்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் உள்ளது என்று கணிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் விளங்கினார். கொடைக்கானலில் 1957 முதல் ஓசோன் அளவீடுகள் நடந்தன.

இத்தகைய அளவீடுகள் ஓர் உண்மையைக் காட்டின. வெப்ப மண்டல நாடுகளின் மேல் ஓசோன் இயல்பாகவே குறைவு. சூரியனும் நமக்கு உச்சிக்கு அருகில் செல்கிறது. காரைக்குடியில் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் அது நேர் உச்சிக்கே வருகிறது. ‘மார்கழி குளிர்ந்த மாதமாயிற்றே’ என்பீர்கள். அம்மாதத்திலும் ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் முக்கால் மீட்டரை எட்டுவதில்லை. நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் புறஊதாக் கதிர் வலுவாக உள்ளது என்று பொருள். சூடு குறைந்த காலத்திலும் இக்கதிர் வலுவாக இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

நமக்கு வேண்டிய எச்சரிக்கை

நம் தோலிலுள்ள மெலனின் என்ற நிறமி நல்ல காவலாகும். அதனால் நம்மிடையே தோல் புற்று குறைவு. ஆனால் ‘நமக்கு வராது’ என்ற எண்ணமே ஆபத்தாகிறது. நோய் முற்றிய பிறகே பலர் மருத்துவரிடம் செல்கின்றனர். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கோ இந்தக் காவலும் இல்லை.

வெயில் படாத இடத்திலும் தோல் புற்று வரலாம். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் தோன்றும் புற்றைப் பற்றி 1945இல் பம்பாய் மருத்துவ அறிஞர் கனோல்கர் எழுதினார். பழைய தீக்காயத் தழும்பிலும் புற்று தோன்றுவதுண்டு. கருமையான தோல் உடையவர்களுக்குக் கரும்புற்று பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது.

ஆகவே, மாதம் ஒருமுறை குளிக்கும்போது உடல் முழுவதையும் பாருங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், இடுப்பு, பழைய தழும்பு ஆகியவற்றை மறவாதீர்கள். நான்கு வாரமாகியும் ஆறாத புண், வளரும் அல்லது நிறம் மாறும் மச்சம், ஓரம் ஒழுங்கற்ற கரும்புள்ளி, நகத்தில் புதிதாகத் தோன்றும் கருங்கோடு, இவற்றுள் எது கண்டாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே வெட்டி அகற்றினால் பெரும்பாலும் முழுக் குணம் கிடைக்கும்.

காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்வோர்க்குத் தலைத்துண்டும், நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும், குடையும் எளிய காப்புகள். ஓசோன் குடையில் ஓட்டை விழுந்தது 1985இல் வெளிப்பட்டதும், உலக நாடுகள் 1987இல் மாண்ட்ரீல் உடன்பாட்டைக் கண்டன. இந்தியாவும் 1992இல் சேர்ந்தது. வானத்துக் குடையைக் காக்க நாடுகள் ஒன்றுகூடின. கையிலுள்ள குடையை விரிப்பது நம் பொறுப்பல்லவா?