கம்பெனி பஸ்ஸிலிருந்து கம்பெனிக் கட்டிலுக்கு: ஷென்செனும் வல்லக்கோட்டையும்

சீனாவையும் இந்தியாவையும் ஒப்பிட உட்காருபவர்கள் முதலில் புரட்டுவது ஐ.நா.வின் மனித மேம்பாட்டு அறிக்கையை. 2025 அறிக்கையில் சீனாவுக்கு 78-ஆவது இடம், இந்தியாவுக்கு 130-ஆவது இடம். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் அது கணக்கில் எடுக்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண் எங்கே படுக்கிறாள், குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் அதில் கிடையாது. அதைப் பார்க்க, ஒரே முதலாளியிடம் ஒரே பொருளைச் செய்யும் தொழிலாளிகளை இரு நாட்டிலும் தேடிப் போகவேண்டும். ஐபோனைப் பூட்டித் தரும் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கான் அதற்கு வசதியாக வாய்த்திருக்கிறது.

ஷென்சென் 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஃபாக்ஸ்கான் அங்கே கால் வைத்தது 1988-இல். ஆலையோடு விடுதியும் கட்டுவது சீனத் தொழில்நகரங்களின் வழக்கம். அதற்கு வேர் 1958-இல் வந்த ‘ஹுகோ’ என்னும் குடிப்பதிவு முறை. கிராமத்தில் பதிவானவர் நகரத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும், பிள்ளையின் பள்ளிக்கூடம் முதல் மருத்துவ உதவி வரை அவருடைய உரிமைகள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிடும். குடும்பத்தோடு குடியேற வழியில்லாதவருக்கு ஆலை தருவது ஒரு கட்டில். அழைத்த நேரத்துக்கு ஆள் கிடைக்கும் என்பதால் நிர்வாகத்துக்கும் அது லாபம்தான்.

இந்த ஏற்பாட்டின் விலை 2010-இல் தெரிந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த லாங்ஹுவா வளாகத்தை மையமாக வைத்து, அந்த ஒரே ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. 900 யுவானாக இருந்த அடிப்படைச் சம்பளம் 1,200 ஆனது. அதே ஆண்டில் உள்நாட்டு மாகாணமான ஹெனானின் செங்சோவில் புதிய ஆலை எழுந்தது. விடுதி முறையும் கூடவே போனது. 2022 நவம்பரில் கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே ஊக்கத்தொகைக்காகவும், தொற்று உள்ளவர்களோடு ஒரே விடுதியில் தங்கவைத்ததற்காகவும் அங்கே கலகம் வெடித்தது.

இந்தியாவில் ஃபாக்ஸ்கான் இயங்கும் ஸ்ரீபெரும்புதூரின் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்தின் அடையாளம் கம்பெனி பஸ். சுற்றியுள்ள மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவந்து ஷிப்ட் முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் விட்டது. போக வர மணிக்கணக்காகும், தூக்கம் பஸ்ஸில்தான். ஆனால் சாப்பாடும் பாயும் சொந்த வீட்டில். 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை மூடப்பட்டது. அதை நம்பி இங்கே இயங்கிய ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது.

ஐபோன் வேலையோடு ஃபாக்ஸ்கான் மறுபடி சூடுபிடித்தபோது தேவைப்பட்ட ஆள்பலத்துக்குப் பக்கத்து ஊர்கள் போதவில்லை. தென்மாவட்டப் பெண்கள் வந்தார்கள். கட்டில் தேவைப்பட்டது, ஒப்பந்தக்காரர்கள் வாடகைக் கட்டடங்களில் அவர்களைத் தங்கவைத்தார்கள். சீனா முப்பது ஆண்டு நடந்து வந்த பாதையை இந்தப் பகுதி சில ஆண்டுகளில் கடந்தது என்று சொல்லலாம், அதுவும் மோசமான முறையில். ஷென்செனில் விடுதிக்கு ஆலை பொறுப்பு. இங்கே யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

2021 டிசம்பரில் இந்த ஏற்பாடு உடைந்தது. பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு 250-க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். சில அறைகளில் தரையில் படுக்கை, சில கழிப்பறைகளில் தண்ணீரே இல்லை என்பதெல்லாம் அதன் பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆலையைத் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது ஆப்பிள். மூடப்பட்டிருந்த ஆலையின் கதவு 2022 ஜனவரி 12-இல் திறந்தது.

சம்பளத்திலும் சாலையிலும் சீனா வெகுதூரம் முன்னே இருக்கிறது. தொழிலாளியின் குரல் எடுபடும் விஷயத்தில் மட்டும் தராசு சற்று இந்தப் பக்கம் சாய்கிறது. மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்த பெண்ணுக்கு இங்கே ஹுகோ கிடையாது, ஓட்டு உண்டு. அவளுடைய அப்பா ஊரில் எம்.எல்.ஏ.வைப் போய்ப் பார்க்கலாம், கேள்வி சட்டமன்றம் வரை வரலாம். அரசால் அதைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது.

2024 ஆகஸ்ட் 17 அன்று, வல்லக்கோட்டைக்கு அருகிலுள்ள வல்லம்-வடகால் சிப்காட்டில், 706.50 கோடி ரூபாயில் கட்டிய மகளிர் விடுதியை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் விழாவுக்கு வந்திருந்தார். 20 ஏக்கர், 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள். அறைக்கு 6 பேர். கட்டியது அரசு, தங்குபவர்கள் ஆலைத் தொழிலாளிகள். வாடகைக் கட்டடங்களோடு பார்த்தால் இது பெரிய முன்னேற்றம்; மறுக்க முடியாது. ஆனாலும் வேலை போனால் கட்டிலும் போகும் என்ற முடிச்சு ஷென்செனைப் போலவே இங்கும் அவிழவில்லை. திருமணமான பெண்களை ஐபோன் வரிசையில் எடுப்பதில்லை என்று அதே 2024-இல் எழுந்த சர்ச்சையையும் இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும்: விடுதி தனி ஆளுக்குக் கட்டப்பட்டது, குடும்பத்துக்கு அல்ல.

இன்னொரு கூட்டம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. ஒரகடம், வல்லம் பகுதிகளில் ஒரே அறையை ஷிப்ட் முறையில் பகிர்ந்துகொண்டு வாழும் ஒடிசா, பீகார் ஆண்கள். தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டு விடுதிச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே. வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தகுந்த தங்குமிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-இல் மத்தியச் சட்டம் சொன்னது. ஆனால் அதைக் கேட்டு வாங்க உதவும் ஓட்டு, அவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது.