சுரத்தில் ஏன் குளிர்கிறது?

உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதே பல் கிடுகிடுக்கக் கம்பளி கேட்கிறோமே, ஏன்? மருத்துவர்களுக்கே இது விளங்கிச் சுமார் 150 ஆண்டுதான் ஆகிறது.

லைப்சிக் நகரில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து அளந்தார். அது ஏறக்குறைய ஓர் அடி நீளம். பாதரசம் ஏறி நிற்கக் கால் மணி நேரமாவது பிடிக்கும். என்ன பொறுமை! சுரம் நோயல்ல, நோயின் அறிகுறி என்பதை 1868இல் வந்த அவர் நூல் நிலைநாட்டியது.

காரணத்தைத் தொட்டவர் இன்னொரு ஜெர்மானியர், லீபர்மைஸ்டர். (நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் க்ளோது பெர்னார் பெயரைத்தான் சொல்வார்கள், இவர்கள் பெயர் காதில் விழுந்ததில்லை.) நலமாயிருப்பவரின் உடம்பு 37 டிகிரியைக் காப்பதுபோல, சுரக்காரரின் உடம்பு 40 டிகிரியைக் காக்கப் போராடுகிறது என்று 1875இல் எழுதினார். கட்டுப்பாடு கெடவில்லை, அதன் இலக்குதான் மேலே ஏறியிருக்கிறது. எனவே 38 டிகிரியிலும் உடம்புக்குச் சூடு போதவில்லை. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன.

இலக்கு இறங்கியதும் வியர்க்கும். "வேர்த்துடுச்சி, இனி பயமில்லை" என்று பாட்டிமார் சொன்னது இந்தக் கட்டத்தைத்தான். நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் மூளையில் அந்த இலக்கைத்தான் இறக்குகிறது.