பசித்த பிள்ளைகளுக்காகப் பிறந்த பந்தாட்டக் கழகம்

ஆலய ஜூபிலி மலரில் கால்பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. உலகறிந்த ஒரு கால்பந்தாட்டக் கழகம், ஒரு பங்கின் மண்டபத்தில், ஒரு துறவியின் முயற்சியால், பசித்த பிள்ளைகளுக்கு உணவளிப்பதற்கென்றே பிறந்தது. கழகத்தின் பெயர் செல்டிக். ஊர், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ. ஆட்டக்காரர்களின் படங்களை நம் பிள்ளைகள் சுவரில் ஒட்டிவைத்து, அவர்களைப் போலவே முடி வெட்டிக்கொண்டு, அவர்களுக்காகச் சண்டையும் போட்டுக்கொள்ளும் இந்நாளில், அக்கழகத்தின் வரலாறு பெற்றோருக்கும் இளைஞருக்கும் பயன்படும்.

பஞ்சமும் கஞ்சியும்

1845-ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. பஞ்சத்திலும் அதனால் வந்த கொள்ளைநோயிலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டே வெளியேறினர். அவர்களில் பலர் பிழைப்புத் தேடிக் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறினர். வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஊராரோ பெரும்பாலும் பிராட்டஸ்டண்டுகள். கூலி குறைவு, குடியிருப்பு நெருக்கடி, ஏளனம் எல்லாம் சேர்ந்து அவர்களை வாட்டின.

இம்மக்களிடையே உழைத்தவர் மரிஸ்ட் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் வால்ஃபிரிட். இயற்பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். 1840-இல் அயர்லாந்தின் பாலிமோட் என்ற ஊரில் பிறந்தவர். 1874-இல் திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியரானார். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? 1884-இல், வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணையோடு பள்ளியில் உணவளிக்கத் தொடங்கினார். ஒரு பென்னி கொடுத்தால் சூடான சாப்பாடு. ரொட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்தால் அரை பென்னிக்கு ஒரு பெரிய கிண்ணம் சூப். பிச்சை வாங்குகிறோம் என்ற கூச்சமின்றிப் பிள்ளைகள் உண்டனர். பிற சபையார் நடத்திய கஞ்சித் தொட்டிகளை நாடிப்போய் அவர்கள் விசுவாசத்தை இழந்துவிடக்கூடாதே என்ற கவலையும் சகோதரருக்கு இருந்தது.

பணத்திற்கு வழி? எடின்பரோ நகரில் புனித பேட்ரிக் பங்கு இளைஞர்கள், அருட்தந்தை எட்வர்டு ஹானன் ஆதரவில், 1875-இலேயே ஹைபெர்னியன் என்ற கழகத்தைத் தொடங்கியிருந்தனர். 1887 பிப்ரவரியில் அது ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றபோது கிளாஸ்கோ கத்தோலிக்கரும் கொண்டாடினர். வால்ஃபிரிடுக்கு வழி பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், கால்டன் பகுதியிலுள்ள புனித மரியன்னை ஆலய மண்டபத்தில் கூட்டம் கூடி, செல்டிக் கழகம் உருவாயிற்று. உணவுத் திட்டத்திற்கு நிதி சேர்ப்பதே கழகத்தின் முதல் நோக்கம் என்று 1888 ஜனவரியில் வெளிவந்த வேண்டுகோள் கூறிற்று. தொண்டர்களே மைதானத்தைச் சமன்செய்தனர். 1888 மே 28-ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் அணியை 5-2 என்ற கணக்கில் செல்டிக் வென்றது.

புகழ் வந்தது, பணமும் வந்தது. 1892-இல் வால்ஃபிரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1893-இல் ஸ்காட்லாந்தில் சம்பளத்திற்கு ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1897-இல் கழகம் வரையறுக்கப்பட்ட கம்பெனியாக மாறியது. பிள்ளைகளின் உணவுக்குப் போன பணமோ அதற்கு முன்பே சுருங்கிவிட்டது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய காரியமும், அந்நோக்கத்தை நினைவூட்டுவார் இல்லாதபோது வேறு பாதையில் போய்விடும் என்பதற்கு இது சான்று. வால்ஃபிரிட் மனம் தளரவில்லை. லண்டனிலும் ஏழைச் சிறுவர்களுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்துவந்தார். 1915-இல் இறைவனடி சேர்ந்தார்.

ஒரே விபத்து, இரு நடத்தைகள்

ஹைபெர்னியன் தொடக்கத்தில் கத்தோலிக்கரை மட்டுமே சேர்த்தது. செல்டிக்கோ பிற சபையாருக்கும் கதவைத் திறந்துவைத்தது. அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் ஜான் தாம்சன் என்ற பிராட்டஸ்டண்டு இளைஞர். 14 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 17 வயதில் செல்டிக்கில் சேர்ந்து, பின்னர் நாட்டு அணியின் கோல் காப்பாளருமானார். ஆர்ப்பாட்டமில்லாத அந்த இளைஞரை கத்தோலிக்க ரசிகர்கள் தம் பிள்ளையாகவே நேசித்தனர்.

1931 செப்டம்பர் 5-ஆம் நாள். ரேஞ்சர்ஸ் மைதானமாகிய ஐப்ராக்ஸில் இரு அணிகளும் மோதின. பந்தைத் தடுக்கப் பாய்ந்த தாம்சனின் தலை, ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்லிஷின் முழங்காலில் மோதியது. கோலுக்குப் பின்னால் நின்ற ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் ஆரவாரித்தனர். அவர்களுடைய அணித்தலைவர் டேவி மெய்கிள்ஜான் அருகே சென்று கையுயர்த்தி அவர்களை அடக்கினார். அன்றிரவே தாம்சன் உயிர் நீத்தார். வயது 22.

கார்டென்டன் என்ற சுரங்க ஊரில் நடந்த அடக்கச் சடங்குக்கு ஏறத்தாழ 30,000 பேர் வந்தனர். வேலையில்லாத் திண்டாட்டக் காலம் அது. ரயிலுக்குக் காசில்லாத பலர் கிளாஸ்கோவிலிருந்து 50 மைலுக்கு மேல் நடந்தே வந்தனர். ஒரு பிராட்டஸ்டண்டு இளைஞருக்காக, கத்தோலிக்கத் தொழிலாளர்கள்! எந்த மாநாடும் செய்யாததை அந்த அன்பு செய்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. நடந்தது விபத்தே என்று விசாரணை முடிவாயிற்று. தாம்சனின் குடும்பத்தாரும் அவ்வாறே ஏற்றுக்கொண்டனர். எதிரணி ரசிகர்கள் ஏற்கவில்லை. மைதானம் மைதானமாகச் சாம் இங்லிஷைத் தூற்றினர். அப்பருவத்தில் லீக் ஆட்டங்களில் 44 கோல் போட்டவர், 1932-இல் ஸ்காட்லாந்தை விட்டே போனார். தூற்றுதல் இங்கிலாந்திலும் தொடர்ந்தது. 1938-இல் ஆட்டத்தையே விட்டார். இறந்தவருக்காக அழுத கண்களும், வாழ்ந்தவரைக் குத்திய நாவுகளும் ஒரே கூட்டத்தில் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

லிஸ்பனில் கண்ட வெற்றி

1965-இல் செல்டிக் நிர்வாகியாக வந்த ஜாக் ஸ்டைனும் சுரங்கத் தொழிலாளியாயிருந்தவர், பிராட்டஸ்டண்டு. 1967 மே 25-ஆம் நாள், லிஸ்பன் நகரில் இத்தாலியின் இன்டர் மிலன் அணியை 2-1 என வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் கழகமாயிற்று செல்டிக். ஆடிய 11 பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். இரு சபையாரும் அதில் இருந்தனர். தெருவில் கண்ட அண்டைவீட்டுப் பிள்ளைகளே கோப்பையோடு வந்ததால், 'நாமும் உயரலாம்' என்று ஏழைச் சிறுவர் நம்பினர்.

ஆயினும் பகை தீரவில்லை. கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்ற பல்லாண்டு வழக்கத்தை ரேஞ்சர்ஸ் கழகம் 1989-இல் மோ ஜான்ஸ்டனைச் சேர்த்து முறித்தபோது, அக்கழக ரசிகர் சிலர் தம் கழுத்துத் துண்டுகளை எரித்தனர். முன்பு அவரைப் போற்றிய செல்டிக் ரசிகரோ துரோகி என்றனர். குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை.

இளைஞரே, ஆட்டக்காரரை நேசியுங்கள், தவறில்லை. அவரது கோலை மட்டும் பாராமல், தாம்சனின் அடக்கத்தையும், தம் ரசிகரையே தடுத்து நிறுத்திய மெய்கிள்ஜானின் துணிவையும் பின்பற்றுங்கள். பெற்றோரே, பிள்ளை யாரைப் போற்றுகிறான் என்று கேட்பதோடு, யாரைத் தூற்றுகிறான் என்றும் கேளுங்கள். பங்கில் அணி அமைப்போர், பசித்தவரின் கிண்ணத்தை மறவாதிருக்கட்டும். கழகம் பிறந்தது அதற்காகத்தான்.