துரத்தல் கணக்கு தங்கவயலுக்கு வந்த வழி

சுவர்மேல் பருந்து. சுவரின் உயரம் 12 முழம். அடியிலிருந்து 24 முழம் தள்ளித் திரிந்த எலி, பருந்தைக் கண்டதும் சுவரிலுள்ள வளைக்கே ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே வேகம் என்றால் எங்கே பிடிபடும்? கி.பி. 629-இல் ஆரியபடீயத்துக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தந்த கணக்கு இது. விடை, வளைக்கு 9 முழம் முன்னால். எலி ஓடியதும் 15 முழம், பருந்து சரிந்து பறந்ததும் 15 முழம்.

1150-இல் லீலாவதி என்ற கணித நூலில் இதே கணக்கு மயிலும் பாம்புமாக மாறியது. அந்த மயிலின் பாதை நேர்க்கோடு. பாம்பு எந்தப் புற்றுக்குப் போகிறதென்று தெரிவதால், அது வரப்போகிற இடத்துக்கே பாய்கிறது.

போகுமிடம் தெரியாமல், இரை இருக்கிற இடத்தையே கணத்துக்குக் கணம் குறிவைத்தால் பாதை வளைந்துவிடும். அந்த வளைகோட்டை 1732-இல் கணக்கிட்டுக் காட்டினார் பிரான்சின் பியர் பூகேர். அவர் எடுத்துக்கொண்டது வணிகக் கப்பலைத் துரத்தும் கொள்ளையர் கப்பல். இடைவெளி 6 கிலோமீட்டர், வணிகக் கப்பல் குறுக்கே நேராகப் போகிறது என்று வையுங்கள். இரட்டை வேகமுள்ள கொள்ளையன் 8 கிலோமீட்டர் ஓடித்தான் பிடிப்பான். மயிலைப்போல் முன்னறிந்து போயிருந்தால் 7 கூட வேண்டாம். வேகம் சமமானால் பிடிக்கவே முடியாது. இடைவெளி 3 கிலோமீட்டரை நெருங்குமே தவிர, அதற்குக் கீழே இறங்காது. துரத்தலில் வேகத்தோடு முன்யோசனையும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

பூகேர் 1735-இல் பூமியை அளக்கத் தென் அமெரிக்கா போனார். அங்கே ஆண்டீஸ் மலைகளின் ஈர்ப்பை ஆராய்ந்தார். நிலத்தடிப் பாறையின் அடர்த்தியால் ஈர்ப்பில் வரும் ஏற்ற இறக்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். நம் கோலார் தங்கவயலில் தங்கம் கிடந்த கரும்பாறைப் பட்டை, சுற்றியுள்ள கிரானைட்டைவிடக் கனமானது. நம் ஆட்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உடைத்தது அந்தப் பாறையைத்தான். புவியியலாளரின் ஈர்ப்பு வரைபடம் வழியாக பூகேரின் பெயர் இங்கே வந்து சேர்ந்தது.

அவருடைய துரத்தல் கணக்கையும் தங்கவயல் ஆசிரியர்கள் மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். 10 மீட்டர் சதுரம் போட்டு, மூலைக்கொரு பிள்ளையை நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் வலப்பக்கத்துப் பிள்ளையையே பார்த்து, ஒரே வேகத்தில் நடக்கட்டும். நால்வரும் சுழன்று நடுவில் வந்து சேர்வார்கள். முன்னால் போகிறவர் எப்போதும் செங்குத்தாக விலகுவதால் நெருங்குவதுமில்லை, தள்ளிப்போவதுமில்லை. இடைவெளியைக் குறைப்பது பின்னால் வருகிறவரின் நடை மட்டுமே. ஆகவே ஆளுக்குச் சரியாக 10 மீட்டர். எட்டாம் வகுப்புக்கே இது புரியும். ஒரு விளையாட்டுப் பீரியடை இதற்குக் கொடுங்கள்.